எல்லோரும் தினமும் சாப்பிடலாம்

கீரையக்காவுக்குக் கீரை பிடிக்காது. வெளியில் தெரிந்தால் பன்னிரண்டு வருஷமாகச் சேர்த்த பேர் ஒரே நாளில் போய்விடும் என்பதால், இது அவளுக்கும் அவள் கணவருக்கும் மகளுக்கும் மட்டும் தெரிந்த சங்கதி. தட்டில் ஓரமாகப் போட்டுக்கொண்டு, மருந்து மாதிரி முதலில் விழுங்கிவிட்டு, அப்புறம்தான் சோற்றில் கை வைப்பாள். கீரையக்கா என்ற பேரை அவளாக வைத்துக்கொள்ளவும் இல்லை. இணையத்தில் சமையல் வலைப்பூ தொடங்கிய புதிதில் வரிசையாக ஒன்பது கீரைச் சமையல் குறிப்புகளைப் போட்டாள். அந்த மாதம் கீரை மலிவாகக் கிடைத்தது, வேறொன்றும் காரணமில்லை. வாசகர்கள் அந்தப் பேரைப் பிடித்துக்கொண்டார்கள்.

மகள் வெளியூரில் அறை எடுத்துத் தங்கிப் படிக்கப் போன வருஷம் ஆரம்பித்த வேலை அது. "பருப்புக்கு எத்தனை விசில்மா? ரசத்துக்கு எவ்வளவு தண்ணி?" என்று தினமும் போன் வரும். ஒரே பதிலை எத்தனை தரம்தான் சொல்வது? எழுதி வைத்தால் பார்த்துக்கொள்வாள் என்று எழுதினாள். வலைப்பூவை அமைத்துக் கொடுத்ததே மகள்தான். இப்போது அந்தப் பெண் வேலை பார்க்கிற ஊரில் மூன்று வேளையும் கேண்டீனில் சாப்பிடுகிறாள். அம்மாவின் குறிப்புகள் மட்டும் அறுநூற்றுப் பன்னிரண்டாகிவிட்டன. என்னத்தைச் சொல்ல!

அவளுடைய ஒரு நாளை முழுக்கச் சொன்னால் கேட்கிறவர்களுக்கே கால் வலிக்கும். ஐந்து மணிக்கு எழுந்து சமையலைத் தொடங்கிவிட வேண்டும். சமையலறை ஜன்னலில் ஏழேகாலுக்கு வருகிற வெளிச்சம் ஏழே முக்காலுக்கு எதிர்க் கட்டடத்துக்குப் பின்னால் போய்விடும். அந்த அரை மணிக்குள் மேஜையை ஜன்னலோரம் இழுத்து, வெள்ளைத் துணி விரித்து, கிண்ணத்தின் விளிம்பைத் துடைத்து, நாற்காலி மேல் ஏறி நின்று படமெடுக்க வேண்டும். மின்சார மீட்டர் பார்க்கிற வேலையிலிருக்கும் கணவர் சீருடை மாட்டிக்கொண்டு பசியோடு நிற்பார்.

"படம் புடிச்சாச்சா? நான் சாப்பிடலாமா, இல்ல அதுக்கு இன்னும் பவுடர் போடணுமா?"

"ரெண்டு நிமிஷம் பொறுங்களேன். ஆறிப் போனா தொண்டைக்கு நல்லதுதான்."

"கல்யாணமாகி இருபது வருஷம் சூடாச் சாப்பிட்டு என் தொண்டைக்கு ஒண்ணும் ஆகல. இந்தப் பன்னெண்டு வருஷமாத்தான் சூடுன்னா என்னன்னே மறந்து போச்சு."

அதன் பிறகு அரக்கப் பரக்கக் குளித்து, எட்டேமுக்கால் பஸ்ஸைப் பிடித்து, பத்திரம் எழுதும் அலுவலகத்தில் போய் உட்கார்ந்தால் மாலை ஐந்தரை வரை தட்டச்சு. வீட்டுப் பத்திரம், வாடகை ஒப்பந்தம், உயில். திரும்பி வந்து பாத்திரம் கழுவிவிட்டு, முதுகுக்குத் தலையணை வைத்துக்கொண்டு வாசகர்களுக்குப் பதில் எழுதுவாள். வாசகர்கள் லேசுப்பட்டவர்களா? "கீரைக்குப் பதில் முட்டைக்கோஸ் போட்டேன், தக்காளிக்குப் பதில் கேரட் போட்டேன், நீங்கள் சொன்ன ருசி வரவில்லையே?" என்று ஒருத்தர் கேட்பார். எண்ணெய் இல்லாமல் தாளிப்பது எப்படி என்று இன்னொருத்தர். எல்லாவற்றுக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு, "முயற்சி செய்து பாருங்கள் சகோதரி" என்று எழுதுவாள்.

நிறுத்தித் தொலைக்கலாம் என்று மாதத்துக்கு ஒரு தடவையாவது தோன்றும். அந்த நேரம் பார்த்து யாராவது, "ஆபரேஷனுக்குப் பிறகு அம்மா இன்றைக்குத்தான் முழுசாகச் சாப்பிட்டார்கள் அக்கா" என்று எழுதிவிடுவார்கள். மறுநாள் ஐந்து மணிக்கு எழுந்துவிடுவாள்.

அவள் எழுதுகிற குறிப்புகளில் ஒரு குறையும் சொல்ல முடியாது. எண்ணெய் எத்தனை ஸ்பூன், உப்பு எவ்வளவு, அடுப்பை எப்போது குறைக்க வேண்டும் என்று எல்லாவற்றையும் அளந்து பார்த்துத்தான் எழுதுவாள். முடிவில் மட்டும் ஒரு வரி. "சின்னவர்கள் முதல் பெரியவர்கள் வரை எல்லோரும் தினமும் சாப்பிடலாம்." கூட்டோ, சுண்டலோ, கஞ்சியோ, எதுவாக இருந்தாலும் கடைசியில் இந்த வரி வந்தாக வேண்டும். இருபது வருஷமாகப் பத்திரம் அடித்த கை. முடிப்பு வாசகம் இல்லாத தாளை மெஷினிலிருந்து எடுக்கவே அவளுக்கு மனசு வராது. குறிப்புக்கும் அப்படி ஒன்று இருந்தால்தான் வேலை முடிந்த மாதிரி இருந்தது. நாலாவது குறிப்புக்கு எழுதியதை அப்புறம் ஒவ்வொன்றுக்கும் எடுத்து ஒட்டிக்கொண்டே வந்தாள்.

அவள் குறிப்புகளிலேயே அதிகம் பேர் படித்தது கீரைச் சாறு. கீரை, தக்காளி, பூண்டு, மிளகு போட்டுக் கொதிக்க வைத்து வடிகட்டுவது. அதன் அடியிலும் அந்த வரி இருந்தது, "சாப்பிடலாம்" என்ற இடத்தில் "குடிக்கலாம்" என்று மட்டும் மாற்றி.

ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அந்தக் குறிப்புக்குப் புதிதாக ஒரு பின்னூட்டம் வந்திருந்தது. அவள் பார்த்து அனுமதித்தால்தான் அது மற்றவர்கள் கண்ணில் படும்.

"அக்கா, உங்க கீரைச் சாறை எங்க மாமனாருக்கு நாலு மாசமா தினமும் காலையில ஒரு டம்ளர் கொடுத்தேன். அவருக்குச் சுகர் இருக்கு, கிட்னி கொஞ்சம் வீக்னு முன்னாடியே சொல்லியிருந்தாங்க. கீரை நல்லதாச்சேன்னு நம்பிக் கொடுத்தேன். போன வாரம் மயங்கி விழுந்துட்டார். ரத்தத்துல பொட்டாசியம் ரொம்ப ஏறிப் போச்சு, இந்த மாதிரி கிட்னிக்குக் கீரைச் சாறும் தக்காளியும் தினமும் கொடுக்கலாமான்னு டாக்டர் சத்தம் போடறார். எல்லோரும் தினமும் குடிக்கலாம்னு போட்டிருந்தீங்களே அக்கா?"

மூன்று தரம் படித்தாள். ஆள் உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்று அதில் எழுதியிருக்கவில்லை.

கணவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். தினமும் அவளைச் சீண்டுகிற மனுஷன் அன்றைக்குச் சீண்டவில்லை.

"நீ என்ன டாக்டரா? கிட்னி வீக்னு தெரிஞ்சவங்க டாக்டரைக் கேட்டுட்டுல்ல கொடுக்கணும்? இதுக்கெல்லாம் நீ எப்படிப் பொறுப்பாவ?"

"அவங்க கேக்கறது அது இல்லீங்க. நான் எழுதியிருந்தேனான்னு கேக்கறாங்க."

"எழுதின. அதுக்காக? ஒரு கமெண்டைப் போட்டுட்டு அப்புறம் நூறு பேர்கிட்ட வாங்கிக் கட்டிக்கப் போறியா?"

மகளுக்குப் போன் போட்டாள். அவள் ஒரு நிமிஷத்தில் வழி சொல்லிவிட்டாள்.

"அந்தக் கமெண்டை டெலிட் பண்ணிடும்மா. எல்லாப் பதிவுக்கும் அடியில 'மருத்துவரை ஆலோசிக்கவும்'னு ஒரு லைன் போட்டுக்கலாம். நானே போட்டுத் தரேன். எல்லாரும் அதைத்தான் பண்றாங்க."

சரி என்று வைத்துவிட்டாள். ஆனால் அழிக்கக் கை வரவில்லை. புதன், வியாழன் இரண்டு நாளும் காலையில் எழுந்து சமைத்தாள், படமெடுக்காமல் சுடச்சுடப் பரிமாறினாள். கணவர் வாயைச் சுட்டுக்கொண்டு சாப்பிட்டுப் போனார். பஸ்ஸில் போகும்போதும் தட்டச்சு செய்யும்போதும் அந்த மாமனார் என்ன ஆனாரோ என்பது மண்டையைக் குடைந்துகொண்டே இருந்தது. முகம் தெரியாத ஒரு கிழவரை அவளே தினமும் டம்ளரை நீட்டிக் குடிக்க வைத்தது போல இருந்தது.

வெள்ளிக்கிழமை ஒரு வயசான அம்மா வீட்டைத் தன் மகன் பேருக்கு எழுதிக் கொடுக்க வந்திருந்தார். அடித்து முடித்த பத்திரத்தை அவர் முன்னால் வைத்தாள். அந்த அம்மா கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். கடைசி வரியில் விரல் நின்றது.

"இதுக்கு என்னம்மா அர்த்தம்? 'முழு மனதுடனும் சுய நினைவுடனும், யாருடைய தூண்டுதலும் இன்றி'ன்னு போட்டிருக்கே?"

"அது வழக்கமாப் போடறதும்மா. எல்லாப் பத்திரத்துலயும் இருக்கும். நீங்க கையெழுத்துப் போடுங்க."

அந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார். "வழக்கமாப் போடறதா? நான் முழு மனசோடதான் கொடுக்கறேனான்னு என்னை யாருமே கேக்கலையே!"

அலுவலகத்தில் யாரும் தலை தூக்கவில்லை. மகன் மட்டும் "அம்மா, போடும்மா, நேரமாவுது" என்றான். அந்த அம்மா கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை மூடிக் கொடுத்தார். கீரையக்காவுக்கு அதற்கு மேல் அன்றைக்கு வேலை ஓடவில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டு நாலு மணிக்கே கிளம்பினாள்.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றாமல் கணினியைத் திறந்தாள். பின்னூட்டத்தை அனுமதித்தாள். கீரைச் சாற்றுக் குறிப்பின் தலையில், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இதைக் குடிக்க வேண்டாம் என்றும், இது தெரியாமல் எல்லோரும் தினமும் குடிக்கலாம் என்று எழுதியது தன் தவறு என்றும் போட்டாள். அந்தப் பெண்ணுக்குத் தனியாக, "உங்கள் மாமனார் எப்படி இருக்கிறார்?" என்று கேட்டுத் தன் போன் நம்பரையும் எழுதினாள். பிறகு முதல் குறிப்பிலிருந்து தொடங்கி அந்தக் கடைசி வரியை ஒவ்வொன்றாக எடுக்க ஆரம்பித்தாள். மொத்தமாக எடுக்க ஒரு வழி இருக்கும், மகளைக் கேட்டால் சொல்லியிருப்பாள். கேட்கவில்லை.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் போன் வந்தது. கணவர் பக்கத்தில் உட்கார்ந்து செய்தித்தாளைப் புரட்டாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, நான்தான். கமெண்ட் போட்டேனே." சின்ன வயசுக் குரல், ஆனால் களைத்துப் போயிருந்தது. "மாமா நல்லா இருக்காங்க. நேத்துத்தான் வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தோம்."

கீரையக்காவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. "நல்லா இருக்கட்டும்மா. நான் உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கணும்னு..."

"மன்னிப்பெல்லாம் வேணாம்க்கா." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஒரு உதவி பண்ணுவீங்களா? என் நாத்தனார் வந்திருக்காங்க. போனைப் பாத்துச் சமைச்சு எங்கப்பாவைப் படுக்க வெச்சுட்டான்னு ஊர் முழுக்கச் சொல்லிட்டாங்க. வீட்டுக்காரரும் என் முகத்தைப் பாத்துப் பேசறதில்ல. நான் சமைச்சா யாரும் தட்டுல கை வைக்கறதில்லக்கா. எனக்கே உலைய வைக்க பயமா இருக்கு. நான் வேணும்னு பண்ணலன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்றீங்களா? ஸ்பீக்கர்ல போடறேன்."

கணவர் தலையை ஆட்டினார். வேண்டாம் என்று கையையும் காட்டினார். கீரையக்கா அவரைப் பார்த்துவிட்டு, "போடும்மா" என்றாள்.

நாற்காலி இழுக்கிற சத்தம் கேட்டது. அடுத்து நாத்தனாரின் கறாரான குரல். "நீங்கதான் அந்தக் கீரையக்காவா?"

"ஆமாம்மா."

"நீங்க டாக்டரா?"

"இல்லம்மா. பத்திர ஆபீஸ்ல டைப் அடிக்கறேன்."

"அப்புறம் எந்தத் தைரியத்துல எல்லாரும் தினமும் குடிக்கலாம்னு எழுதினீங்க?"

சொல்ல ஆயிரம் பதில் இருந்தது. செவ்வாய்க்கிழமை கணவர் சொன்னதெல்லாம் நாக்கு நுனிவரை வந்தது. டாக்டரைக் கேட்டிருக்க வேண்டாமா, கிட்னி வீக் என்று தெரிந்த பிறகு கொடுக்கலாமா? ஒவ்வொன்றும் நியாயமான கேள்விதான். ஆனால் அதில் எதைக் கேட்டாலும் அந்தச் சின்னப் பெண்ணின் தலையில்தான் போய் விழும்.

"தைரியமெல்லாம் இல்லம்மா," என்றாள். "யோசிக்காம எழுதினேன். எதைச் சமைச்சாலும் கடைசியில அதே வரியைப் போட்டுப் பழகிட்டேன். யாருக்கு ஆகும், யாருக்கு ஆகாதுன்னு ஒரு நாளும் நினைச்சுப் பாத்ததில்ல. அந்தப் பொண்ணு மேல தப்பே இல்லம்மா. மாமனார் நல்லா இருக்கணும்னு நாலு மாசம் ஒரு நாள் விடாம விடிகாலையில எந்திரிச்சு வெச்சுக் கொடுத்திருக்கா. தப்பு என்னோடது. என்னைத் திட்டுங்க. அவ சமைச்சதைச் சாப்பிடுங்க."

மருமகள் விசும்புகிற சத்தம் வந்தது. அப்போது கொஞ்சம் தள்ளியிருந்து, இருமலுக்கு நடுவே ஓர் ஆண் குரல் கேட்டது.

"யாரும்மா போன்ல? சாறு சொல்லிக் கொடுத்த அம்மாவா? இங்க கொண்டா."

போன் கை மாறியது. மூச்சு வாங்குவது நன்றாகக் கேட்டது.

"அம்மா, சாறு நல்லாத்தான் இருந்துச்சு. காலையில அதுக்காகத்தான் எந்திரிப்பேன். இப்ப கீரை கூடாது, தக்காளி கூடாது, பழம் கூடாது, தண்ணிகூட அளந்து குடிங்கறாங்க. மருமக பாவம், என்ன செஞ்சு கொடுக்கறதுன்னு தெரியாம அடுப்படியில நின்னு அழுவுது. நீங்க இத்தனை சமையல் எழுதறவங்களாச்சே. நான் என்ன சாப்பிடலாம்னு நீங்களே சொல்லுங்களேன்."

கீரையக்கா வாயைத் திறந்தாள். பன்னிரண்டு வருஷத்தில் ஒரு வாசகரையும் பதில் இல்லாமல் அனுப்பியதில்லை. இப்போது கண்ணீர்தான் முதலில் வந்தது.

"எனக்குத் தெரியாதுங்கய்யா," என்றாள். "நிஜமாவே எனக்குத் தெரியாது."