பாதத்தைத் தூக்கிய வார்

ஒரு விடியற்காலையில் அய்யாவுவின் வலது பாதம் அவன் பேச்சைக் கேட்கவில்லை. நுனி தரையில் இழுபட்டது. கட்டைவிரலைத் தூக்கப் பார்த்தான். அது வேறு யாருடையதோ போலக் கிடந்தது. முட்டியை உயர்த்தி உயர்த்தி அவன் நடந்ததைப் பார்த்து, மலாயாவில் பாடாங் மேஹா பக்கத்து ரப்பர் தோட்டத்தின் கூலிக் குடியிருப்பான லயமே சிரித்தது.

"என்னடா, சேவலாட்டம் நடக்கிற? கள்ளு எங்க கெடைச்சுது, எனக்கும் சொல்லு லா!"

ஜப்பான்காரன் வந்தபின் பால்மரத்தில் வேலை இல்லை. மரத்தை வெட்டிய இடத்தில் மரவள்ளி. பொழுதுக்கும் குந்திக் களையெடுப்பதும், அந்தக் கிழங்கையே தின்பதும்தான் பிழைப்பு.

மனைவி மருதம்மாள் பெருநோயோ, குஷ்டமோ என்று பயந்தாள். அதை வாய்விட்டுச் சொல்லாமல் அவனைத் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். அங்கே மருந்து கொடுத்துக் கட்டுப்போடும் டிரெசர் பரஞ்சோதி, அவர்கள் வீட்டில் கைநனைக்கிற மனிதர். ஊசிமுனையால் தோலைத் தொட்டார், முட்டியைச் சுற்றி அழுத்திப் பார்த்தார்.

"அந்த நோயின்னா நரம்பு கயிறாட்டம் தடிச்சிருக்கும், தங்கச்சி. தேமலும் இருக்கும். இது அது இல்ல. முதுகு வலிக்குதாடா?"

"இல்லண்ணே."

"அப்ப முதுகெலும்பும் இல்ல. முட்டிக்குக் கீழ, வெளிப்பக்கம், எலும்பு மேலயே ஒரு நரம்பு ஓடுது. பாதத்தைத் தூக்குறது அதுதான். நாளெல்லாம் குந்தினா நசுங்கிப்போவும். கெழங்கு தின்னா நரம்புக்கு ஏது சத்து? குந்தாம இரு, மெல்லத் திரும்பும்."

ரப்பர் ஷீட்டில் ஒரு வார் வெட்டி, பாதத்தின் முன்பக்கத்தைக் கணுக்காலுக்கு மேல் சுற்றிய துணியோடு இழுத்துக் கட்டினார். பாதம் நிமிர்ந்தது. மருதம்மாள் கும்பிட்டாள்.

பிறகு ஜப்பான்காரர்கள் சயாம் ரயில் பாதை போட ஆள் கேட்டார்கள். போனவர்கள் யாரும் திரும்பியிருக்கவில்லை. நடக்க முடியாதவனை விட்டுவிடுவார்கள், டிரெசர் சொன்னால் போதும். அண்ணன் இருக்கிறார் என்று மருதம்மாள் கவலைப்படவே இல்லை.

ஆள் பொறுக்கிய அன்று கடைசியில் ஓர் ஆள் குறைந்தது. மிச்சம் நின்றது இரண்டு பேர்: அய்யாவு, பரஞ்சோதியின் மகன். வாரை அவிழ்த்துக் காட்ட அய்யாவு குனிந்தான்.

"அவுக்காத தம்பி. அப்படியே நட."

அண்ணன் சொல்கிறாரே என்று நன்றாகவே நடந்தான். வார் பாதத்தைத் தூக்கித் தூக்கிக் கொடுத்தது.

பரஞ்சோதி அதிகாரியின் பக்கம் திரும்பி மலாயில் சொன்னார்: "போலே ஜாலான்." நடக்க முடியும்.

"அண்ணே! அவுத்துக் காட்டச் சொல்லுங்கண்ணே!" என்று மருதம்மாள் கத்தினாள். பரஞ்சோதி மகனின் தோளைப் பிடித்து வரிசையிலிருந்து விலக்கிக்கொண்டிருந்தார்.

லாரியில் ஏற அய்யாவுவால் முடியவில்லை. இரண்டு பேர் தூக்கிப் போட்டார்கள். மேலிருந்து பரஞ்சோதியைப் பார்த்தான்.

"பையனுக்குப் பதிலா போடான்னு கேட்டிருந்தா, போயிருப்பேனோ என்னமோண்ணே. என்னையே நடக்க வச்சுக் காட்டிட்டீங்களே."

லாரி பீடோங் சாலையில் திரும்பியது. அய்யாவு வரவே இல்லை.