குழல் அடுத்த பஸ்ஸில் வந்தது

ராமநாதபுரம் டிவிஷன் ஆபீஸில் ஆயுத லைசென்ஸ் செக்ஷனை என்னிடம் ஒப்படைத்த அன்று ஹெட்கிளார்க் எனக்கு இரண்டு ரெஜிஸ்டர்களைக் காட்டினார். ஒன்று துப்பாக்கி வைத்திருப்பவர்களுடையது. மற்றொன்று, மதுவிலக்கு அமலில் இருந்தும் டாக்டர் சர்டிபிகேட்டின் பேரில் குடிப்பதற்குப் பர்மிட் வாங்கியவர்களுடையது. "ரெண்டுலயும் ஒரே பேர் இருந்தா என்ன செய்யணும் சார்?" என்று கேட்டேன். "ரெண்டையும் ஒரே நேரத்துல திறக்காதே" என்றார். முப்பது வருஷ சர்வீஸில் இவ்வளவு தெளிவான உத்தரவு எனக்குக் கிடைத்ததில்லை.

இரண்டிலும் பேர் இருந்த ஒருவர் அபிராமம் பக்கத்து விவசாயி சாத்தையா. பயிர்ப் பாதுகாப்புக்காக ஓர் இரட்டைக்குழல் துப்பாக்கி. இடுப்பு வலிக்காக ஒரு பிராந்தி பர்மிட். மருந்துக் கிளாஸில் ஒரு அவுன்ஸ் அளந்து குடிப்பவர். அதற்கு மேல் ஒரு சொட்டுக் கிடையாது. துப்பாக்கியை ஆயுதச் சட்டம் அனுமதித்தது, பிராந்தியை மதுவிலக்குச் சட்டம் அனுமதித்தது. இரண்டு சட்டங்களும் ஒன்றையொன்று சந்தித்ததே இல்லை.

1. சோதனை நாள்

லைசென்ஸ் புதுப்பிக்கும் முன் துப்பாக்கியைக் கொண்டுவந்து காட்ட வேண்டும். குழலில் அடித்திருக்கும் நம்பரும் புத்தகத்தில் இருக்கும் நம்பரும் ஒன்றா என்று பார்ப்போம். அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு சோதனை நாள். சோதனை செய்ய வந்த துணைத் தாசில்தார் காப்பிகூடக் குடிக்காதவர்.

சாத்தையா முறை வந்தது. துண்டில் சுற்றியிருந்ததை மேசையில் வைத்துப் பிரித்தார். கட்டை மட்டும் இருந்தது.

"குழல் எங்கேய்யா?" என்றார் துணைத் தாசில்தார்.

"பின்னால வருதுங்க."

"பின்னாலன்னா?"

"அடுத்த பஸ்ல. பார்த்திபனூர்ல பஸ் மாறி வரணும்ல, செத்த நேரமாகும்."

"யார் கொண்டு வர்றா?"

"எங்க வீட்ல உள்ளவதான். இருளாயி."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். துணைத் தாசில்தார் சிரிக்கவில்லை. மூக்கைச் சுருக்கி, "குடிச்சிருக்கியா?" என்றார்.

சாத்தையா பர்மிட்டை எடுத்து நீட்டினார். "ஒரு அவுன்ஸுங்க. அளவாத்தான். விடிஞ்சதும் பழக்கத்துல ஊத்திக் குடிச்சுட்டேன். அப்பறந்தான் இன்னைக்குச் சோதனைங்கிறது நெனப்பு வந்துச்சு. குடிச்ச அன்னைக்குக் குழலு அவகிட்டத்தான் இருக்கும். சாயங்காலம் சோறு போட்டுட்டுத்தான் குடுப்பா. அது எங்க வீட்டு வழக்கம்."

"சரி, ரெண்டு பேரும் ஒரே பஸ்ல வந்திருக்கலாம்ல?"

"கேட்டேன். ஒரே பஸ்ஸுன்னா கைக்கெட்டுற தூரம்னுட்டா."

நான் தலையைக் குனிந்து ரெஜிஸ்டரைப் பார்த்துக்கொண்டேன். விஷயம் சிரிப்புக்குரியதில்லை. துப்பாக்கியின் பாகமும் ஆயுதம்தான். லைசென்ஸ் இல்லாத இருளாயி அதை இரண்டு பஸ்ஸில் தூக்கிக்கொண்டு வருவது வழக்குப் போடத் தகுந்த குற்றம். சாத்தையாவின் லைசென்ஸும் போய்விடும். அவர் கொல்லையில் கடலை முற்றி நின்றது. காட்டுப்பன்றிகள் இறங்குகிற நேரம்.

"கட்டையைப் பறிமுதல் பண்ணு" என்றார் துணைத் தாசில்தார். "லைசென்ஸை ரத்து பண்ணச் சிபாரிசு எழுது. அந்தம்மா வந்து இறங்கினதும் ஸ்டேஷனுக்குச் சொல்லி அனுப்பு."

"மொதல்ல வரட்டும் சார், வாக்குமூலம் வாங்கிக்குவோம்" என்றேன். நேரம் கடத்த வாக்குமூலத்தைப் போல உதவுவது வேறில்லை.

2. இருளாயியின் வாக்குமூலம்

பழைய சேலையில் சுற்றிய குழலை விறகு போலத் தோளில் சாய்த்துக்கொண்டு இருளாயி வந்தார். கணவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. நேராக வந்து குழலை மேசையில் வைத்தார்.

"இந்தாங்கய்யா. நம்பரைப் பாத்துக்கங்க."

"இதை நீ தூக்கிட்டு வரக்கூடாதுன்னு தெரியுமாம்மா?"

"அவுக தூக்கிட்டு வரலாமா?"

"அவர்கிட்ட லைசென்ஸ் இருக்கு."

"லைசென்ஸு இருக்கு. வயித்துல ஒரு அவுன்ஸும் இருக்குல்ல."

துணைத் தாசில்தார் சற்று இறங்கி வந்தார். "ஒரு அவுன்ஸ்தானே? ஆள் நிதானமாத்தானே நிக்கிறார்?"

"நிதானந்தான். தள்ளாடுனா அவுகளுக்கே தெரியும், துப்பாக்கியைத் தொட மாட்டாக. நிதானமா இருக்கப்பத்தான் தனக்கு ஒண்ணுமில்லேன்னு நெனச்சுக்குவாக. போன வருசம் எங்க கன்னுக்குட்டியப் பன்னின்னு குறி வச்சாக. அன்னைக்கும் இதே ஒரு அவுன்ஸுதான்."

"சுடலையே" என்றார் சாத்தையா.

"நான் கத்துனதால சுடல."

"அதுக்கப்பறம் நானாத்தானே குழலைக் கழட்டிக் குடுக்குறேன்? ஒரு நாளாவது கேக்க வச்சிருக்கேனா?"

"இல்லை" என்றார் இருளாயி. "அதைச் சொல்லணும்ல. அவுகளாத்தான் குடுப்பாக."

நான் லைசென்ஸ் புத்தகத்தைத் திறந்து ஒரு காலிக் கட்டத்தைக் காட்டினேன். ரிடெய்னர், அதாவது லைசென்ஸ்தாரருக்காக ஆயுதத்தை வைத்திருக்க அனுமதிக்கப்பட்ட ஆள். ஜமீன்தார்கள் தங்கள் வேலைக்காரர்களின் பெயரை அதில் எழுதுவார்கள். மனைவி பெயர் கூடாதென்று விதி எதுவும் இல்லை.

"இன்னைக்கு அந்தம்மா பேருக்கு மனு வாங்கினா இன்னைக்குப் பண்ணின தப்பு போயிடுமா?" என்று கேட்டார் துணைத் தாசில்தார்.

"போகாது சார்" என்றேன். நான் விதிகளை வளைப்பவனல்ல, படிப்பவன். "ஆனா அவங்க வந்து என்ன செஞ்சாங்கங்கிறதை அவங்ககிட்டயே கேட்டு எழுதிக்கலாம்."

அவர் இருளாயி பக்கம் திரும்பினார். "எதுக்கும்மா இதைக் கொண்டுவந்தே?"

"உங்ககிட்ட ஒப்படைக்கத்தான்."

'இருளாயி தானாக முன்வந்து குழலை அதிகாரியிடம் ஒப்படைத்தார்' என்று எழுதினேன். ஒரு எழுத்தும் பொய்யில்லை. துணைத் தாசில்தார் வெகுநேரம் பேனாவைப் பிடித்திருந்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

3. விசாரணை

ரிடெய்னர் அனுமதி வரும்வரை துப்பாக்கி எங்கள் ஆபீஸ் பீரோவில் இருந்தது. அந்த நாட்களில் சாத்தையாவும் இருளாயியும் தகர டப்பாவைத் தட்டிக்கொண்டு கடலைக் கொல்லையைச் சுற்றினார்கள். இரண்டு பாத்திக் கடலை பன்றிக்குப் போயிற்று. மற்றது தப்பியது. கிராம முன்சீப்பிடமிருந்து மனுதாரரான இருளாயியின் ஒழுக்கம் பற்றி அறிக்கை வந்தது: 'மனுதாரர் மது அருந்துபவர் அல்ல. அருந்துபவரைக் கட்டுக்குள் வைத்திருப்பவர்.' இவ்வளவு பயனுள்ள முன்சீப் அறிக்கையை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை, பின்பும் பார்க்கவில்லை.

அனுமதி வந்தது. துணைத் தாசில்தார் புத்தகத்தை வரவழைத்து, இருளாயி பெயருக்குக் கீழே தன் கையால் ஒரு வரி சேர்த்தார்: 'பர்மிட்டை உபயோகிக்கும் நாளில் குழல் ரிடெய்னர் வசம் இருக்க வேண்டும்.' அப்படியொரு நிபந்தனை எந்த விதியிலும் இல்லை. அதைச் சேர்க்க அவருக்கு அதிகாரமும் இல்லை. இரண்டும் எனக்குத் தெரியும். முத்திரையை எடுத்து நன்றாக அழுத்திக் குத்தினேன்.

அதற்குப் பிறகு இரண்டு ரெஜிஸ்டரிலும் பேர் உள்ள யார் வந்து "அளவாத்தான் சார்" என்று சொன்னாலும், எந்தப் படிவத்திலும் இல்லாத ஒரு கேள்வியைக் கேட்பேன்: "குடிச்ச அன்னைக்குத் துப்பாக்கி யார்கிட்ட இருக்கும்?" மனைவியையோ, தம்பியையோ, அண்டை வீட்டாரையோ சட்டென்று சொன்னவர்களிடம், அந்தப் பேரை ரிடெய்னர் கட்டத்தில் எழுத ஒரு மனு வாங்கிக்கொள்வேன். இரண்டு காகிதமும் சேர்ந்தே மேலே போகும். "எங்கிட்டத்தான் சார், வேற யார்கிட்ட?" என்று சிரித்தவர்களின் காகிதம் என் மேசையில் சில வாரம் தங்கியது. ஏன் தாமதம் என்று கேட்டால், முத்திரை மை காய்ந்துவிட்டது என்றேன்.