திமிங்கிலத்துக்குப் பயற்றம்மா

அருங்காட்சியகத் துப்புரவு என்பது செத்த சீவன்களுக்குத் தூசி தட்டும் சுகமான வேலை என்று நம்பித்தான் நானும் போனேன். துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்துச் சீவியம் கழிப்பவர்களே, உங்களுக்குத்தான் இது விளங்கும்.

எண்பதுகளின் நடுப்பகுதி. சுவிஸில், சோலோதுர்ன் பக்கம் ஒரு சின்ன அருங்காட்சியகத்தில் எனக்கு ‘ப்ரோபசைட்’, அதாவது சோதனைக்காலம். தேறினால் வேலை நிரந்தரம். தோற்றால் அகதி முகாமில் சும்மா குந்தியிருக்க வேண்டும். தேறியே தீருவது என்று இருந்தேன்.

காலைப் பொட்டு

நடு மண்டபத்தில் எண்ணெய்த் திமிங்கிலத்தின் எலும்புக்கூடு. மூன்றில் ஒரு பங்கு தலைதான். பல் கீழ்த்தாடையில் மட்டும். அந்தத் தலைக்கு நேர்கீழே தினமும் ஓர் எண்ணெய்ப் பொட்டு. பின்னேரம் பளிங்காகத் துடைத்துவிட்டுப் போவேன். விடிந்தால் மறுபடி இருக்கும். கட்டடப் பொறுப்பாளர் சப்பாத்து நுனியால் அதைக் காட்டி, ‘ஹெர்’, அதாவது ‘திரு’ போட்டு மரியாதையாகவே கேட்பார்.

“ஹெர் குணம், இந்தப் பக்கம் வரவில்லையா?”

சனி முழுக்கு

ஒருநாள் என் கழுத்திலேயே சொட்டியது. எலும்புதான் கசிகிறது! எண்ணெய் வைத்து முழுகுகிற ஆட்களுக்கு எண்ணெய் எடுக்கத் தெரியாதா? சனிக்கிழமை வெள்ளன ஏணியில் ஏறி, பயற்றம்மாவை, அதுதான் முழுக்குக்குத் தேய்க்கிற பாசிப்பயற்று மாவை, தேசிக்காய்ச் சாற்றில் குழைத்து மண்டையோட்டில் அப்பித் தேய்த்தேன். பாதித் தலை மஞ்சளானபோது கீழே பொறுப்பாளர் நின்றார். வேலை போச்சு என்று நினைத்தேன். அவர் அண்ணாந்து பார்த்தார்.

“பொரிக்கப் போகிறீர்களா?”

சொல்லாத சேதி

மாவுக்குப் பூச்சி வந்துவிடும் என்று அன்று முழுக்க இருவருமாகச் சுரண்டினோம். அப்போதுதான் சொன்னார். வேட்டைக்காரர் ஈட்டி எறிந்து கொன்று, தலைக்குள் இருந்த எண்ணெயை வாளி வாளியாக அள்ளி விளக்கெரித்தார்களாம். எலும்பில் ஊறியதை அள்ள முடியவில்லை. அது இன்னும் கசிகிறது. ஆகையால் இங்கே துடைப்பது காலையில்தான், சிவம் சொல்லவில்லையா என்று கேட்டார்.

சிவம் அண்ணை எனக்கு முன் அங்கே துடைத்தவர்; வேலையை எடுத்துத் தந்தவரும் அவரே. கோபத்தோடு போய்க் கேட்டேன்.

“ஓம், தெரியும். இது ஓயாத சொட்டு எண்டு சொன்னா நீ வரமாட்டாய் எண்டு விட்டிட்டன்.”

கடைசி நாள்

அதன்பின் கதவு திறக்குமுன்னே துடைத்து முடித்தேன். சோதனைக்காலம் முடிகிற அன்று, பொறுப்பாளர் சுற்றிப் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே, சனியன், புதிதாக ஒரு சொட்டு விழுந்தது. துணியோடு பாய்ந்தேன். பார்வையாளரான ஒரு வயோதிப மாது என்னை மறித்து, விரலால் தொட்டு முகர்ந்தார்.

“துடைக்காதீர்கள்! என் தையல் மெஷினுக்கு ஒருகாலத்தில் இந்த எண்ணெய்தான் விட்டேன்.”

பொறுப்பாளர் சிரித்துவிட்டார். என் பக்கம் திரும்பினார்.

“நாளைக்கும் சொட்டும், ஹெர் குணம். வருவீர்கள்தானே?”

கொன்றவர்களும் போய், அவர்கள் ஏற்றிய விளக்குகளும் அணைந்துபோன பிறகு, கடைசிச் சொட்டுவரை விடுவதில்லை என்று அந்த மண்டபத்தில் பிடிவாதமாக நின்றது திமிங்கிலமும் நானும்தான்.