மூங்கில் திரைக்குப் பின்னால் ஒரு கும்மி

காளிகாட்டில் விளக்கு வைக்கிற நேரமானால் வங்காளிகள் வீட்டுக்கு வீடு சங்கு ஊதுவார்கள். நம் ஊரில் தெருவில் சங்கு கேட்டால் என்ன அர்த்தமென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கும்பகோணத்திலிருந்து புதிதாக வந்த என் மனைவி விசாலம், முதல் வாரம் முழுக்கச் சங்குச் சத்தம் கேட்டதுமே அடுப்பை அணைத்துவிட்டுத் தலை முழுகினாள். "ஏன்னா, இது என்ன ஊர்! தெனம் ஒரு சாவா?" என்று நடுங்கினாள். மாடியில் இருக்கும் வீட்டுக்கார அம்மாள், மாஷிமா என்போம், என்னைப் பிடித்து, "உன் பெண்டாட்டிக்கு உடம்புச் சூடா?" என்று விசாரித்தாள். என் அரைகுறை வங்காளியில் விஷயத்தைச் சொன்னேன். "துர்க்கா, துர்க்கா!" என்று காதைப் பொத்திக்கொண்டாள். இங்கே அது லட்சுமியை வீட்டுக்குள் அழைக்கிற ஒலியாம். விசாலம் சமாதானமாகவில்லை. "அண்ணா காசிக்குப் போயிட்டு இந்த வழியாத்தானே திரும்பறான். அவனோட நான் ஊருக்குப் போயிடறேன்" என்றாள். மெஸ் சாப்பாட்டில் நாக்குச் செத்து, தனிமையில் சுவரோடு பேசிப் பழகியவன் நான். மறுபடியும் அந்தச் சுவரா!

அந்தச் சமயத்தில்தான் மாஷிமாவின் பிள்ளை நிர்மல் வந்து நின்றான். அவன் படிக்கும் கலாசாலையின் நாடகக் குழு ஆட்டமும் பாட்டுமாக ஒரு கதம்பம் போடுகிறதாம். ஒரே மாப்பிள்ளைக்காகப் பல தேசத்து மணப்பெண்கள் மல்லுக்கு நிற்கிற கூத்து. மதராஸிப் பெண் வேஷம் இவனுக்கு. "பௌதி, உங்கள் புடவை ஒன்று வேண்டும்" என்றான். பௌதி என்றால் இங்கே மன்னி. நான் மொழிபெயர்த்ததும் விசாலம், "கட்டிக்கப் போறது இந்தத் தடியனா?" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். இந்த ஊருக்கு வந்து அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. அதற்கப்புறம் மத்தியானங்களில் மாஷிமா காவலிருக்க, கொசுவமும் கும்மியுமாகப் பாடம் நடந்தது. எனக்கோ பயம். மதராஸி என்றால் இவர்களுக்குக் குடுமியும் மிளகாயும்தான். கூட்டம் கேலி செய்து சிரித்தால் இவள் நிச்சயம் ரயிலேறிவிடுவாள். "நம்ம மானத்தை வாங்கப் போறான்" என்றேன். "நீங்க சித்த சும்மா இருங்கோ" என்றாள்.

நாடகம் பிற்பகலில், கலாசாலை மண்டபத்தில். பெண்கள் மேல்தளத்தில், மூங்கில் திரைக்குப் பின்னால். கிளாரினெட்டும் ஹார்மோனியமும் சேர்ந்து இழைய, பவுடருக்கடியில் மீசை தெரியும் பஞ்சாபிப் பெண் வந்தாள், மராட்டிப் பெண் வந்தாள். எல்லோரும் பாதித் தூக்கத்தில் காணும் கனவு மாதிரி ஆடி மறைந்தார்கள். அப்புறம் விசாலத்தின் அரக்குப் புடவை வந்தது. அடடா, அது அவள் நடை! கல்யாணமான புதிதில் காவேரிப் படித்துறையில் நான் ஒளிந்து பார்த்த அதே நடை. நிர்மல் பாடிக்கொண்டே கும்மி கொட்டினான். அவன் வங்காளி வாயில் 'வ' எல்லாம் 'ப' ஆனாலும் தமிழ் தமிழ்தானே. இரண்டாம் சுற்றில் பாட்டின் அடி மறந்து நின்றுவிட்டான். முன்வரிசையில் யாரோ விசிலடித்தார்கள். சிரிப்பு மெல்லக் கிளம்பியது. போச்சு என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

மேலே, திரைக்குப் பின்னாலிருந்து, ஒரு குரல் அடுத்த அடியை எடுத்துப் பாடியது. விசாலம்! வெள்ளைக்காரப் புரொபசர் உட்பட அத்தனை பேரும் தலையை அண்ணாந்தார்கள். அவள் நிறுத்தவில்லை. நிர்மல் அதைப் பிடித்துக்கொண்டு சுழன்றான். திரைக்குள்ளே வங்காளிப் பெண்களின் வளைகள் தாளத்தோடு குலுங்கின. கும்மி என்றால் என்னவென்றே அறியாத கைகள் அவை. என் கண்ணில் நீர் நின்றபாடில்லை. பெருமையா, ஊர் ஏக்கமா, எனக்கே தெரியவில்லை.

திரும்பும்போது குதிரை வண்டியில், "நாம ரெண்டு பேருமே ஊரோட போயிடலாமா, விசாலம்?" என்று கேட்டுவிட்டேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நன்னாருக்கே! வர மாசம் மாஷிமா மூணு பொண்களை அழைச்சுண்டு வராளாம், கும்மி கத்துக்க. நான் எங்கே வரது?"

மைத்துனன் காசியிலிருந்து வந்தான். கங்கைச் சொம்போடு தனியாகவே மதராஸ் மெயிலில் ஏறினான். ஹவுராவில் விசாலத்தோடு வழியனுப்பப் போன நான் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி ஏதோ பேசிக்கொண்டிருந்தேன். வண்டி நகர்ந்தது. கம்பியை விட மனசில்லாமல் நானும் கூடவே நடந்தேன், பிறகு ஓடினேன். பின்னாலிருந்து விசாலம் என் அங்கவஸ்திரத்தைப் பிடித்து இழுத்தாள்.

"போறும். வாங்கோ, ஆத்துக்குப் போகலாம்" என்றாள்.