முதலிடம் பிடித்த கார்

வாழைச்சேனையில் எனக்குப் பழைய கார் காட்ட வந்த தரகர் காரைத் தொடவேயில்லை. கைலேஞ்சியால் போனைத் துடைத்துத் துடைத்து, இந்த வருடத் தரப்பட்டியலையே காட்டிக்கொண்டிருந்தார்.

"பாருங்க சேர், பழுதாகாத கார்க் கொம்பனிகள்ல இதுதான் முதலாமிடம்."

கால் விரிப்பைத் தூக்கினேன். காய்ந்த வாவிச் சேறும் அதில் ஒட்டிய சிப்பியும் கிடந்தன. உள்ளே அடித்திருந்த மல்லிகை சென்ட்டையும் மீறி அழுகல் வாடை வந்தது. எங்கோ குளிர்நாட்டில் புதுக் கார் வாங்கியவர்களைக் கேட்டுப் போட்ட பட்டியலுக்கு இந்த நாற்றம் எப்படித் தெரியும்?

"இது வெள்ளத்துக்குள்ள கிடந்த கார்தானே?"

"அதெல்லாம் பட்டியல்ல பாக்கிறல்ல சேர்," என்று மறுபடியும் போனைத் துடைத்தார். "என்ட மகளுக்கும் இப்பிடி ஒண்டுதான் எடுத்துக் குடுத்தன்."

அந்த மனிதர் அதையாவது பொய்யாகச் சொல்லியிருக்கட்டும்.