மேசைமேல் விட்டுப்போன போன்

பிட்காயின் என்ற பெயரே பலருக்குத் தெரியாத காலம் அது. சிட்னியில் நான் அதை வாங்க முயன்றபோது, அரசு விதிகளைக் காட்டி, விற்கும் நிறுவனத்துக்குப் பணம் அனுப்ப என் வங்கி மறுத்துவிட்டது. அதனால் என்னைப் போன்றவர்கள் இணையத்தில் விற்பவரைத் தேடிப்பிடித்து, நேரில் ரொக்கம் கொடுத்து வாங்குவோம்.

எனக்குக் கிடைத்தவர் ஒரு இலங்கைத் தமிழர். முன்பின் தெரியாத ஆளாயிற்றே, கூட்டமான இடமாக இருக்கட்டும் என்று ஹரிஸ் பார்க் பகுதியில் ஒரு தோசைக் கடைக்கு வரச் சொன்னேன். பணப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவர் வந்தார். தன் பிட்காயின் மொத்தமும் இருந்த போனைத் திறந்து மேசைமேல் வைத்தார். சட்டென்று ஜன்னலைப் பார்த்து எழுந்தார்.

“தம்பி, பார்க்கிங் ரேஞ்சர் வாறான், ஃபைன் எழுதிப்போடுவான். இதை ஒருக்கா பாத்துக்கொள்ளுங்கோ, காரை மாத்தி விட்டுட்டு வாறன்.”

“அண்ணா, போன் திறந்திருக்கு!”

“ஓம், அதைத்தான் பாக்கச் சொன்னனான்” என்றபடி ஓடினார்.

அதிலிருந்து யார் வேண்டுமானாலும் எல்லாவற்றையும் தனக்கே அனுப்பிக்கொண்டிருக்கலாம். சர்வர் சாம்பார் கொண்டுவந்தபோது, போன்மேல் சிந்திவிடுமோ என்று பையைப் பக்கத்து நாற்காலியில் போட்டுவிட்டு, இரண்டு கைகளாலும் அதை மறைத்துக்கொண்டேன்.

யாரையும் நம்பத் தேவையில்லாத பணம் என்று படித்துவிட்டுத்தான் நான் பிட்காயின் வாங்கவே கிளம்பியிருந்தேன்.