எனக்கு முன்னால் யாரோ செய்துவிட்ட சார்ஜர்கள்

வெயிலில் போனுக்குச் சார்ஜ் ஏற்றும் கருவி செய்கிறவர்களுக்கு எங்கள் பெரம்பலூரில் வெயிலுக்குக் குறைவில்லை. வேறொருவர் முன்பே செய்துவிடாத யோசனைதான் கிடைப்பதில்லை.

நீங்களும் மொட்டை மாடியில் சோலார் பேனலைச் சாய்த்து வைத்துவிட்டு மீட்டரையே பார்த்துக்கொண்டிருக்கும் ரகம் என்றால் இந்தக் கஷ்டம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். நான் தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஊரில் ‘எக்ஸ்சேஞ்ச் அம்மா’ என்றால் வழி சொல்வார்கள். கணவரும் போய்ச் சேர்ந்த பிறகு வீட்டில் சத்தம் குறைந்துவிட்டது. என் போனில் எப்போதும் முழுச் சார்ஜ் இருக்கும்; கூப்பிடத்தான் ஆளில்லை. அடுத்தவர்கள் போனுக்குச் சார்ஜ் ஏற்றலாமே என்று கிளம்பினேன். பெரம்பலூர், அரியலூர்க்காரர்கள் சேர்ந்து வருடா வருடம் ஒரு கண்டுபிடிப்புக் கண்காட்சி நடத்துகிறார்கள். அதில் ‘இது இவர் கண்டுபிடித்தது’ என்று எழுதிய சான்றிதழில் என் பெயர் வர வேண்டும். ஒரே ஒரு தடவை வந்தால் போதும்.

லப்பைக்குடிக்காட்டுக் கடை

முதல் சார்ஜர் புத்தகம் போல விரியும். நான்கு மடிப்பு, நான்கு பேனல், மடித்தால் கைப்பைக்குள் அடங்கிவிடும். உலகத்தில் யாருக்கும் தோன்றாத மடிப்பு என்று நினைத்துக்கொண்டு, லப்பைக்குடிக்காட்டில் செல்போன் கடை வைத்திருக்கும் பாயிடம் எடுத்துப்போனேன். கடை வாசலிலேயே விரித்துக் காட்டினேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். டீ வரவழைத்தார். நான் குடித்து முடிக்கும்வரை காத்திருந்து, மேசை இழுப்பறையிலிருந்து ஒன்றை எடுத்து என்னுடையதன் பக்கத்தில் வைத்தார். அதே நான்கு மடிப்பு. ஓரத் தையல் மட்டும் என்னுடையதைவிட நேர்த்தி.

“மாஷா அல்லாஹ், நல்லா செஞ்சிருக்கீங்கம்மா. இது எங்க மச்சான் துபாய்லேர்ந்து கொண்டாந்தது, ரெண்டு மாசமா வேலை செய்யல. செத்த பாத்துத் தர்றீங்களா?”

குடைக்கம்பி

பார்த்துக் கொடுத்தேன். அடுத்ததைத் தொடங்கினேன்.

இந்தத் தொழிலில் ஒவ்வொருவருக்கும் ஒரு எதிராளி வாய்ப்பார். எனக்கு வாய்த்தவர் அரியலூர் நடேசன் சார். பாலிடெக்னிக்கில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். நான் கண்காட்சிக்கு எதைக் கொண்டுபோனாலும், அதே ஜாடையில் ஒரு சார்ஜர், இரண்டு மேசை தள்ளி, அவர் முன்னால் இருக்கும். எப்படி என்று வெகுநாள் புரியவில்லை. பிறகுதான் தெரிந்தது: எங்கள் இருவருக்கும் பேனல் விற்பது திருச்சியில் ஒரே கடைக்காரர். நான் வாங்குவதை அவரிடமும், அவர் வாங்குவதை என்னிடமும் சொல்லிவிடுகிற நல்ல மனிதர்.

நடேசன் சாரைத் திசைதிருப்ப, எனக்குத் துளியும் தேவைப்படாத குடைக்கம்பிகளை ஒரு கட்டு வாங்கினேன். கடைக்காரர் கேட்டபோது ரகசியம் என்று வேறு சொல்லி வைத்தேன். அந்த வருடம் நடேசன் சார் குடைச் சார்ஜரோடு வந்து முதல் பரிசு வாங்கினார். தள்ளுவண்டிக்காரர்களுக்கு நிழலும் ஆச்சு, சார்ஜும் ஆச்சு என்று எல்லோரும் பாராட்டினார்கள். மேடையிலிருந்து இறங்கியவர் நேரே என் மேசைக்கு வந்தார்.

“நீங்க குடைக்கம்பி வாங்குனதாக் கடைக்காரர் சொன்னாரு மேடம், அதுக்கப்புறம்தான் எனக்கே தோணுச்சு. உங்க குடையை எங்க, காணோம்?”

அரியலூர் டீக்கடை

அடுத்த பேனலை அரியலூர்ச் சாலையோரம் ஒரு டீக்கடைக் கூரையில் மாட்டிச் சோதித்தேன். காலையில் நன்றாக ஏறியது. சுண்ணாம்புக்கல் லாரிகள் போகப் போக, மதியத்துக்குள் பேனல் கோலமாவு கொட்டியது போல வெளுத்துவிட்டது. துடைத்தேன். டீ சொல்லி, அது வருவதற்குள் மறுபடியும் வெளுத்துவிட்டது. மூன்றாம் நாள் ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த கடைக்காரர் கேட்டார்:

“ஏம்மா, வெயிலை வுட்டுட்டு இந்தத் தூசியில கரண்டு எடுக்கிற மாதிரி ஒண்ணு பண்ணக் கூடாதா?”

வெங்காயக் காடு

பிறகு தொப்பிக்கு வந்தேன். காட்டு வேலைக்குப் போகும் பெண்களுக்கு அகலத் தொப்பி, அதன் உச்சியில் பேனல், அங்கிருந்து ஒயர் போனுக்கு. எங்கள் வீட்டு மாடியில் அதைப் போட்டுக்கொண்டு மூன்று நாள் நின்று அளவெடுத்தேன். கணக்கு சுத்தமாக வந்தது. செட்டிகுளத்தில் சின்ன வெங்காயம் போட்டிருந்த தெரிந்தவர் காட்டில், களையெடுக்க வந்த செல்வியிடம் கொடுத்துவிட்டு வந்தேன். செல்விக்கு நாற்பது வயதிருக்கும். மகன் குவைத்தில் இருக்கிறான். அவனுக்குப் பேச நேரம் கிடைப்பது இவள் காட்டில் இருக்கும்போதுதான். அந்த நேரம் பார்த்து இவள் போன் செத்துக் கிடக்கும். அதனால் தொப்பியை ஆசையாகத்தான் வாங்கிக்கொண்டாள்.

நாலு நாள் கழித்துப் போய்ப் பார்த்தால் தொப்பி வரப்பில் கிடந்தது. பேனலைக் காணவில்லை. பதறிப்போய் செல்வியைத் தேடினேன். புடவைக்கு மேல் புருஷனுடைய பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு அவள் குனிந்திருந்தாள். முதுகில் நாலு ஊக்குப் போட்டுப் பேனலைக் குத்தியிருந்தாள். ஒயர் தோளைச் சுற்றிச் சட்டைப் பைக்கு இறங்கியது. பையிலிருந்த போன் அவள் உடம்பின் நிழலிலேயே இருந்தது. தொட்டுப் பார்த்தேன், சூடே இல்லை. சார்ஜ் நிறைந்திருந்தது. நாள் முழுக்கக் குனிந்திருப்பவள் தொப்பி மண்ணைத்தான் பார்க்கும் என்பது, மாடியில் நிமிர்ந்து நின்று அளந்த எனக்குத் தோன்றவே இல்லை. ஏன் இடம் மாற்றினாய் என்று கேட்டேன். நிமிராமலே பதில் சொன்னாள்.

“குனிஞ்சவளுக்கு வானம் முதுகுலதானங்க இருக்கு.”

படிவம்

வீட்டுக்கு வந்து மடங்கும் பேனல் வாங்கினேன், இந்தத் தடவை சென்னையிலிருந்து, தபாலில். மூன்று சட்டைகளைப் பாழாக்கி நான்காவதில் சரியாகத் தைத்தேன். வியர்வை படாத உறை, இழுத்தால் கழலாத ஒயர், பைக்குப் பொத்தான். இது எல்லாம் என் வேலை. ஆகவே கண்காட்சிப் படிவத்தில் ‘கண்டுபிடித்தவர்’ என்ற கட்டத்தில் என் பெயரை எழுதினேன். ‘உதவி’ என்ற கட்டத்தில் செல்வி பெயர். எழுதும்போது அது எனக்கு நியாயமாகவே பட்டது.

நடேசன் சார் என் சட்டையைச் சுற்றிச் சுற்றி வந்தார். அவர் மேசையில் அது போல எதுவும் இல்லை. அவர் முகம் வாடியதைப் பார்க்க எனக்கு எத்தனை சுகமாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். நடுவராக வந்திருந்தது ஒரு கல்லூரிப் பேராசிரியை, சின்ன வயதுப் பெண். சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முதுகுப் பேனலைத் தடவினாள். படிவத்தைப் படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். குரலில் சந்தேகமே இல்லை, ஒரு சொந்தம்தான் இருந்தது.

“எங்கம்மாவும் களையெடுத்துத்தான் என்னைப் படிக்க வச்சாங்க, குனிஞ்சு வேலை பாத்தவங்களுக்குத்தான் இது தோணும். நீங்க எந்த ஊருக் காட்டுலம்மா களையெடுத்தீங்க?”

சான்றிதழ்

எந்த ஊரையாவது சொல்லியிருக்கலாம். அந்தப் பெண் நம்பியிருப்பாள். படிவத்தைத் திரும்பக் கேட்டு வாங்கி, இரண்டு கட்டங்களிலும் பெயரை அடித்து மாற்றி எழுதினேன். புதுமைக்கான முதல் பரிசு செட்டிகுளம் செல்விக்கு என்று அறிவித்தபோது நான்தான் மேடையேறி வாங்கிக்கொண்டேன். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அந்தச் சான்றிதழை மடியில் வைத்திருந்தேன். ‘உதவி’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் என் பெயர் சின்னதாகத்தான் இருந்தது. கொஞ்சம் அழுதேன். பஸ்ஸில் எல்லோரும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் சான்றிதழையும் சட்டையையும் காட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். செல்வி கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வாங்கி, எழுத்துக்கூட்டி இரண்டு தடவை படித்தாள். மகனுக்குப் போட்டோ எடுத்து அனுப்பினாள். சந்தோஷமா என்று கேட்டேன். அவள் நான் தைத்த சட்டையை விரித்துப் பார்த்து, அதில் பேனல் ஒரு சாண் கீழே இருப்பதாகவும், வெங்காயம் பிடுங்கும்போது இன்னும் தாழக் குனிவார்கள் என்பதால் அது சரிப்படாது என்றும் சொன்னாள். எப்படி மாற்றலாம் என்று ஆவலாகக் கேட்டபடி பையிலிருந்து நோட்டை எடுத்தேன். அவள் நோட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், சான்றிதழை மடிக்காமல் பத்திரமாக மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

“அதை இப்ப சொல்ல மாட்டேங்க எக்ஸ்சேஞ்ச் அம்மா, வர்ற வருசம் நானே கொண்டாரேன்.”

ஆக, இத்தனை வருடத்தில் வேறு யாருக்கும் முந்தி நானே கண்டுபிடித்தது என்று சொல்லிக்கொள்ள என்னிடம் இருப்பது, நடேசன் சாரைவிடக் கெட்டிக்காரியான இன்னொரு எதிராளி மட்டும்தான்.